கல்லு மேடத்தின் மூன்றாவது அறை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. கட்டடம் எழும்புகிற இடங்களில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். கல்லு மேடம் என்று கேளுங்கள், எத்தனையாவது மாடியில் நிற்கிறாள் என்பதுவரை சொல்லிவிடுவார். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை, பைக்குள் கல். ஒருமுறை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அந்தப் பையைத் தூக்கப் போய்க் கையைச் சுளுக்கிக்கொண்டார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, ஒரு வீட்டுக்கான நிறம் என்று பதில் சொன்னாளாம். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

புது அடுக்குமாடி வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருவது அவள் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நிற அட்டையை விசிறி மாதிரி விரித்து, இதில் எது வேண்டும் என்று கேட்டு வேலையை முடித்துவிடுவார்கள். கல்லு மேடத்திடம் அது நடக்காது. வீடு எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்தைத்தான் வீட்டுக்குள் கொண்டுவருவாள். அஸ்திவாரம் தோண்டும்போதே போய்விடுவாள். காலையில் ஒரு நடை, உச்சி வெயிலில் ஒரு நடை, பொழுது சாயும்போது ஒரு நடை. கல், மரப்பட்டை, ஏரிக்கரைச் சேறு, காய்ந்த புல் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் பொறுக்குவாள். பூச்சு வேலை முடிந்த வெறும் அறையில் அவற்றை ஓர் அலுமினியத் தட்டில் பரப்பி, ஜன்னலோரம் ஒரு வாரம் வைத்துவிடுவாள். தினமும் வந்து வந்து பார்ப்பாள். எந்தக் கல் கண்ணுக்கு அலுக்காமல் இருக்கிறதோ அந்த நிறம்தான் சுவருக்கு. பாறைப் பாசி காய்ந்தால் என்ன நிறமோ அதைக் கலந்து தரும்வரை பெயின்ட் கடை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதால், அவள் படியேறும்போதே கடைக்காரர் பெருமூச்சு விடுவார்.

கட்டடக்காரர்களுக்கு அவளைப் பிடிக்கும். விளம்பரத்துக்கு நல்லது. அவர்கள் கதையே தனி. குன்றில் பாதியை வெடி வைத்துப் பெயர்ப்பார்கள், ஏரியில் கால்வாசியை மண் கொட்டி மூடுவார்கள். பிறகு வாசலில் ‘இயற்கையின் மடியில்’ என்று பலகை வைத்துவிட்டு, பெயர்த்த குன்றின் நிறத்தைச் சுவரில் பூசச் சொல்லி இவளைக் கூப்பிடுவார்கள். இவளுக்கும் அது தெரியும். மிச்சம் இருப்பதையாவது யாராவது பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டு பையைத் தூக்குவாள்.

கல்லை விடவும் வேடிக்கையான வழக்கம் ஒன்று அவளிடம் உண்டு. வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து அவள் கேட்கும் முதல் கேள்வி, இந்த அறையில் யார் படுக்கப் போகிறார்கள் என்பதுதான். பெரிய படுக்கையறை, சின்னப் படுக்கையறை என்றெல்லாம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆள் யார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், இருட்டுக்குப் பயமா, காலையில் வெயில் முகத்தில் விழுந்தால் எரிச்சல் படுவாரா என்று தோண்டித் துருவுவாள். ஒரு தம்பதி இந்தக் கேள்விக்கு ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். கணவர் நாலு வருஷமாக ஹாலில் படுக்கிற விஷயம் அப்போதுதான் வெளியே வந்து, அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. இவள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் வராமல் ஒரு கோடுகூடப் போட மாட்டாள். முப்பது வருஷத் தொழிலில் இந்த விதியை அவள் மீறியதே இல்லை, ஒரே ஒரு வீட்டைத் தவிர.

அந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவள் குடியிருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாலு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு படம்கூடக் கிடையாது. ஓர் இரும்புக் கட்டில், ஒரு கொடி, மூலையில் அடுப்பு. ஊருக்கெல்லாம் வீட்டை இழைத்து இழைத்துச் செய்கிறவள் தனக்கு ஒரு திரைச்சீலைகூடத் தைத்துக்கொள்ளவில்லை, அதுவும் தையல் கடைக்கு மேலேயே இருந்துகொண்டு. கேட்டால், இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பாள். மற்ற நாட்களில் கீழே தையல் எந்திரங்கள் கடகடத்துக்கொண்டிருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கிற மாதிரி தோன்றும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு அந்த அறையில் குழாய் சொட்டுவதைத் தவிர ஒரு சத்தமும் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறதோ இல்லையோ, தரை ஓடு விற்கும் கடைகளுக்குப் போய்விடுவாள். அங்கே விற்பனைக்கு நிற்கும் பையன்கள் வாங்க மேடம் என்பார்கள், டீ தருவார்கள், புதுச் சரக்கைக் காட்டுவார்கள். இரண்டு மணி நேரம் நாலு வார்த்தை பேசிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்புவாள்.

ஆனாலும் யாரிடமும் ஒரு குறை சொல்ல மாட்டாள். தனியாக இருந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சொல்லிச் சொல்லி எல்லோரையும் நம்ப வைத்துவிட்டாள். உண்மை என்னவென்றால், ரேடியோவை முணுமுணுக்க விடாமல் ஒரு நாளும் அவளுக்குக் கண் மூடியதில்லை.

அவளுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அவளுக்கு இருபத்தொன்று, அவனுக்கு ஒன்பது என்று இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவள் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நிறங்களைக் கற்றுக்கொண்டு, அவனைப் படிக்க வைத்து ஆளாக்கினாள். அக்கா தம்பிக்காகவே வாழ்ந்துவிட்டாள் என்று யாராவது நெகிழ்ந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வேறு எப்படி வாழ்ந்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்பாள். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகு மூவரும் ஒரே வீட்டில் சரியாக ஒரு மாதம் இருந்தார்கள். ஒருநாள் அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். உப்பு கூடிப்போனதைப் பற்றிப் பேசியிருப்பார்கள், வேறொன்றும் இருக்காது. இவளுக்கு அது போதுமானதாக இருந்தது. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மறுநாளே தையல் கடைக்கு மேலே அறை பார்த்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது அவள் குணம். அப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் தம்பி ஒரு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தான். ஊர் எல்லையில், ஏரிக்கும் பாறைக் குன்றுக்கும் நடுவில் எழும்புகிற குடியிருப்பில், ஏழாவது மாடியில் ஒரு வீடு வாங்கியிருந்தான். வரைபடத்தைக் கட்டிலில் விரித்து, "மூணு பெட்ரூம்க்கா. உள் வேலை மொத்தமும் நீதான் பண்ணணும். எல்லாம் உன் இஷ்டம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றான்.

அவள் வழக்கம்போல நோட்டைத் திறந்தாள். முதல் அறை யாருக்கு என்று கேட்டாள். எங்களுக்கு என்றான். இரண்டாவது? பாப்பாவுக்கு. பாப்பா என்பது அவன் மகள், எட்டு வயது, அத்தை அத்தை என்று இவள் பையைக் கவிழ்த்துக் கல்லை எடுத்து விளையாடுகிறவள். பென்சில் மூன்றாவது அறைக்கு வந்து நின்றது. கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பி காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை. மூன்று பேருக்கு எதற்கு மூன்று அறை? அவள் கேட்கவில்லை. நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். அந்தப் பயம்தான். கேட்காதவரை அந்த அறை அவளுடையதாக இருக்கலாம். அவனே ஒரு நாள் சொல்லுவான், அக்கா, இது உனக்குத்தான் என்று. தானாகக் கேட்டு வாங்குவது ஒரு வாழ்வா? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, எல்லோர் வீட்டிலும் சண்டை மூட்டியாவது பதில் வாங்குகிறவள் தன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அதன் பிறகு அந்த வீட்டில் அவள் செய்த வேலை மாதிரி வேறெங்கும் செய்ததில்லை. ஏரியைப் பார்த்த தம்பி அறைக்கு, தண்ணீர் வற்றிய பிறகு கரையில் படிகிற வெளிர் சாம்பல். பாப்பா அறையில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில் காய்ந்த புல்லை வரிசையாகப் பதித்து எடுத்தாள். தாளும் கதிரும் சுவரில் தடமாக நின்றுவிட்டன. ஹாலில் குன்றின் நிறம், அதுவும் மாலை வெயில் பட்ட பிறகு இருக்கிற நிறம். பெயின்ட் கடைக்காரர் ஏழு முறை கலந்தார்.

மூன்றாவது அறை குன்றைப் பார்த்து இருந்தது. அங்கே தட்டை ஒரு வாரம் அல்ல, மூன்று வாரம் வைத்தாள். கடைசியில் எடுத்தது பாறை இடுக்கில் கிடந்த ஒரு சிறு கல்லின் நிறத்தை. செம்மையும் இல்லை, பழுப்பும் இல்லை. அந்த அறையில் கட்டிலை வழக்கத்தைவிட நாலு விரற்கடை உயர்த்தினாள், ஏனென்றால் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்வான கட்டிலிலிருந்து எழுவது கஷ்டம். மேசையை ஜன்னல் வலது பக்கம் வரும்படி போட்டாள். இழுப்பறைகளை இடது பக்கம் வைத்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று செய்தாள். இரண்டு அறைக்கும் பொதுவான சுவர் இருந்தால் அலமாரியை அதன்மேல் வைத்துச் சத்தத்தை அடக்குவது அவள் தொழில் வழக்கம். பாப்பா அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருந்த சுவரை வெறுமனே விட்டாள். அந்தப் பக்கம் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் கேட்க வேண்டும். பாடம் ஒப்பித்தால் கேட்க வேண்டும். தம்பி வந்து போர்வையை இழுத்து விட்டால் அதுகூடக் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்தான். அறை ஒரு சாக்கு.

தச்சர் இருபது வருஷமாக அவளோடு வேலை செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். இழுப்பறைப் பலகைகளை அறுக்கும் முன்னால் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், டிராயர் எல்லாம் இடது பக்கம் வருதே. நான் படத்தைத் தப்பாப் புடிச்சிருக்கேனா?"

"இல்ல அண்ணே, சரியாத்தான் இருக்கு."

"யாருக்கு இடது கை?"

"வீட்டுக்காரங்களுக்கு."

தச்சர் அவள் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தார். அது இடது கையில் இருந்தது. பலகையை மரக்கட்டையின்மேல் வைத்து, உளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "கட்டில் சட்டத்தை இப்பதான் மாட்டியிருக்கேன். உயரம் சரியா இருக்கான்னு ஒரு தடவை உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க மேடம். அப்புறம் மாத்த முடியாது" என்றார். அவள் உட்கார்ந்து எழுந்தாள். முழங்கால் வலிக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

வேலை முடிய முடிய அவளுக்கு வாய் நிற்கவில்லை. ஓட்டுக் கடைப் பையன்களிடம் தம்பி வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னாள். பெயின்ட் கடையில் சொன்னாள். தையல் கடைக்காரரிடம் சொன்னாள். வீட்டுக்கார அம்மாவிடம் போய், அடுத்த மாதத்தோடு அறையைக் காலி செய்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நல்லதாப் போச்சு, வயசான காலத்துல மனுஷங்களோட இருக்கணும் என்று சந்தோஷப்பட்டு, மறுவாரமே ஒரு நர்ஸ் பெண்ணுக்கு அறையைப் பேசி முடித்துவிட்டாள். சொல்ல வேண்டியவனிடம் மட்டும் சொல்லவில்லை. தம்பி வாரம் ஒரு முறை போனில் பேசினான். என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்துகிற மாதிரி இரண்டு முறை தோன்றியது. அந்த அறையைப் பற்றித்தான் சொல்ல வருகிறான், வெட்கப்படுகிறான் என்று இவள் நினைத்து நினைத்துப் பூரித்தாள்.

வீட்டை ஒப்படைக்கிற நாள் காலையில் அவள் முதலிலேயே போய் ஜன்னல்களைத் திறந்து, தரையை ஒரு முறை தானே துடைத்தாள். பதினோரு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். பாப்பா செருப்போடு தன் அறைக்கு ஓடி, சுவரில் புல் பதிந்த தடத்தைத் தடவிக்கொண்டே அறையை மூன்று சுற்றுச் சுற்றினாள். தம்பி மனைவி ஹாலின் நடுவில் நின்று நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு அண்ணி என்று மட்டும் சொல்லி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் மட்டும் இல்லை என்பதை இவள் கவனிக்கவில்லை. கவனிக்கிற மனநிலையில் இல்லை.

தம்பி மூன்றாவது அறைக்குள் போனான். கட்டிலைத் தொட்டுப் பார்த்தான். மேசைமுன் உட்கார்ந்து, எழுதுகிற மாதிரி வலது கையை வைத்தான். ஜன்னல் வெளிச்சம் வலது பக்கமிருந்து வந்ததால் கையின் நிழல் எழுதுகிற இடத்திலேயே விழுந்தது. கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தான். நிழல் விலகிக்கொண்டது. இழுப்பறையை இழுத்தான், இடது பக்கம். சிறு வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அவள் முழங்கையால் இடி வாங்கியவன் அவன். அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அக்கா, இது உன் ரூமா?"

கெஸ்ட் ரூம்டா என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அது வழக்கமான பதில், வாயில் தயாராகவும் இருந்தது. ஆனால் கட்டில், மேசை, இழுப்பறை எல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன.

"ஆமா" என்றாள்.

தம்பியும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவன் வேலை செய்கிற நிறுவனம் அவனை வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புகிறது. நாலு வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். குடும்பத்தோடு போகிறார்கள். போன வாரம்தான் கையெழுத்துப் போட்டான். இவள் இவ்வளவு ஆசையாகச் செய்துகொண்டிருந்ததால் நடுவில் சொல்ல மனசு வரவில்லை, முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தான். போனில் வாயெடுத்து நிறுத்தியது இதைத்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, நாலு மாதத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ மூணாவது ரூம் எதுக்குடா வாங்கினே?"

அவன் தரையைப் பார்த்தான். "பின்னாடி விக்கறதா இருந்தா மூணு ரூம் வீடு சீக்கிரம் போகும்னு புரோக்கர் சொன்னாருக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே சிரித்தாள். தன்மேல்தான் சிரிப்பு. ஒரு புரோக்கர் சொன்ன வார்த்தைமேல் நாலு மாதம் கோட்டை கட்டியிருக்கிறாள், அதுவும் பாறை இடுக்குக் கல்லின் நிறம் வரைக்கும் பார்த்துப் பார்த்து. அவள் சிரித்ததும் தம்பி மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருக்கோம் அண்ணி. ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே எத்தனை மணிக்குக் கிளம்பறேன்னு சொல்லிடுவீங்க. உங்களுக்குத் தனியா இருக்கறதுதான் புடிக்கும்னு நாங்க நெனச்சுட்டு இருக்கோம்."

அது பொய் இல்லை. அவளே பத்து வருஷம் பாடுபட்டு நம்ப வைத்தது. யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான் தம்பி.

"சொல்லியிருந்தா போக மாட்டியா?"

அவன் ஜன்னல் வழியே குன்றைப் பார்த்தான். பொய் பேசினால் அவள் தோலை உரித்துவிடுவாள் என்று பயந்து வளர்ந்த பிள்ளை. அவள் வளர்ப்பு அப்படி.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான், வேறு யாருக்கும் வாடகைக்கு விட வேண்டாம், ஆணி அடித்துச் சுவரை நாசம் பண்ணிவிடுவார்கள், நீயே இங்கே இரு என்று. பாசத்தோடுதான் சொன்னான். அவளும் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள், தையல் கடைக்கு மேலே நர்ஸ் பெண் வரப்போகிறாள். இப்படியாக அவளுக்கு அந்த அறை கிடைத்தது. கேட்காமலே கிடைத்தது. கூடவே தம்பி அறையும் பாப்பா அறையும் ஹாலும் சேர்ந்து கிடைத்தன, ஆள் இல்லாமல்.

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் பை காலியாக இருந்தது. கனம் இல்லாத பையைத் தோளில் மாட்டிக்கொள்ள அவளுக்குப் பழக்கமில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். இனிமேல் கேட்கப்போகும் சத்தங்களை நினைத்துப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டி உறுமுவது, லிஃப்ட் வந்து நிற்பது, மேல் மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது. அந்த வெறும் சுவருக்கு அப்பால் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் வாழ்நாளில் இவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை. அழவில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அதனால்.

தையல் கடைக்கு மேலே இருந்த சாமான்களை ஒரே வண்டியில் புது வீட்டில் கொண்டுபோய் இறக்கினாள். இறக்கிவிட்டு அங்கே உட்காரக்கூட இல்லை. மாற்றுத்துணி நாலை எடுத்து அதே பையில் திணித்துக்கொண்டு, மூட்டை கட்ட உதவி செய்கிறேன் என்று தம்பி குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனாள். அங்கே காலை வைக்க இடமில்லை. கட்டில்களைக் கழற்றிச் சாய்த்திருந்தார்கள். திரைச்சீலை எல்லாம் அவிழ்த்தாகிவிட்டது, சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன. தம்பி அட்டைப் பெட்டிகளின்மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தான். இவள் தரையில் உட்கார்ந்து தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். பதினைந்து, இருபது தட்டு சுற்றியிருப்பாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"நீங்க கிளம்பற வரைக்கும் நான் இங்க உங்ககூட இருக்கட்டுமா?"

தம்பியின் பேனா நின்றது. இத்தனை வருஷத்தில் அக்கா யாரிடமும் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை. மனைவிதான் பேசினாள்.

"படுக்க ரூமே இல்லையே அண்ணி. எல்லாரும் ஹால்லதான் படுக்கறோம், வெறும் பாயில."

"எங்க வேணா படுத்துக்கறேன்" என்றாள் கல்லு மேடம்.

இருபத்தாறு நாள் இருந்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் என்ன நிறம் என்று இப்போது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே நாலு பேரும் வரிசையாகப் படுத்தார்கள். பாப்பா தூக்கத்தில் உருண்டு வந்து இவள் விலாவில் உதைத்தாள். தம்பி குறட்டை விட்டான், சின்ன வயதில் விட்ட அதே குறட்டை. காலையில் குளியலறைக்குச் சண்டை நடந்தது. ஒரு நாள் குழம்பில் நிஜமாகவே உப்பு கூடிப்போய், எல்லோரும் அதை அவள் முன்னாலேயே சத்தமாகச் சொல்லிச் சிரித்தார்கள். முழங்கால் வலித்தது, தரையிலிருந்து எழுந்திருக்கக் கை கொடுக்க யாராவது இருந்தார்கள். அந்த இருபத்தாறு நாளில் ஒரு நாள்கூட அவள் புது வீட்டுப் பக்கம் போகவில்லை.

இருபத்தேழாம் நாள் போனாள். விமான நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் போனாள், வேறு எங்கும் போவதற்கு இல்லை. ஏழாவது மாடியில் இறங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.